நாலாவது பாட்டில் ஒரு ‘டக்’

1984 செப்டம்பர் 10, திங்கள்

இதை வேறு எங்கும் சொல்ல முடியாது. எனக்கு மேல்வரிசையில் ஐந்து முன்பல் பொய். நாற்பத்தாறு வயது. டேட்டன் ஊரில் இது என் மனைவி எர்லீனுக்கும் பல் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். போன வெள்ளிக்கிழமை வரை இது சாதாரண வெட்கம். வெள்ளிக்கிழமை எங்கள் முதல் இசைத்தட்டு விற்பனைக்கு வந்தது. இப்போது இது வேறு மாதிரி வெட்கம்.

நாங்கள் என்றால் நானும் லான்சோவும். எர்லீனின் அண்ணன், என் மச்சான். இரண்டு பேர் சேர்ந்து ‘டபுள் கிரேவி’. இருபத்திரண்டு வருடமாக ஃபங்க் இசை வாசிக்கிறோம் – கல்யாணம், பிறந்தநாள், ஒரு தடவை நாய்க் கண்காட்சி. பேஸ் கிட்டார், டிரம் மெஷின், பாட்டு எழுதுவது, சண்டை போடுவது எல்லாம் அவன். கீபோர்டும் குழாயும் நான். கீபோர்டின் சத்தம் பிளாஸ்டிக் குழாய் வழியாக என் வாய்க்குள் வரும், நான் வாயை அசைத்தால் கீபோர்டு பேசும். பார்க்கிறவர்களுக்கு, ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டியவன் தப்பித்து மேடைக்கு வந்தது போலிருக்கும்.

தட்டின் பெயர் ‘ஞாயிற்றுக்கிழமைச் சட்டை’. பத்துப் பாட்டு. பத்தும் லான்சோ எழுதியவை. நாலாவது, ‘கொஞ்சம் நகரு’. அதில் ஒவ்வொரு சுற்றிலும், முதல் அடிக்கு மயிரிழை முன்னால், ‘டக்’ என்று ஒரு சத்தம். மே மாதம் பதிவு செய்தபோது யாரும் கவனிக்கவில்லை. தட்டில் கேட்டால் அது மட்டும்தான் காதில் விழுகிறது.

வெள்ளிக்கிழமை லான்சோ வீட்டுக்கு வந்து என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டான்.

“மாப்ளே, உன்ன வெறும் சோம்பேறின்னு நெனச்சுட்டேன்டா. அந்த டக்கு இருக்கே... அத எங்கேர்ந்துடா புடிச்ச?”

என் கல்யாணத்தன்று ‘என் தங்கச்சிக்குக் கண்ணுல கோளாறு’ என்று மைக்கில் சொன்னவன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் பாராட்டு. நான் என்ன சொல்வேன்? மே மாதம் என் பழைய பல்செட் தளர்ந்து போய் ஆடிக்கொண்டிருந்தது, குழாயைக் கடிக்கும்போதெல்லாம் அது தட்டியிருக்கும், ஜூலையில் புதுசு கட்டிவிட்டேன், மச்சான் – என்றா?

“அது ஒரு வித்தை” என்றேன்.

செப்டம்பர் 12, புதன்

வானொலி நிலையத்துக்கு நான்கு தடவை போன் செய்து எங்கள் பாட்டைக் கேட்டேன், நான்கு குரலில். நாலாவது குரலுக்கு அந்தப் பெண், “சார், உங்க மூணு அண்ணன் தம்பியும் இப்பத்தான் பேசினாங்க” என்றாள்.

செப்டம்பர் 16, ஞாயிறு

எங்கள் பக்கத்தில் ஒரு தட்டு தேறுமா தேறாதா என்று தீர்ப்பு சொல்வது பத்திரிகை அல்ல, கோரா லீயின் ஸ்கேட்டிங் அரங்கு. ஞாயிறு சாயங்காலம் பெரியவர்களுக்கு மட்டும். காலையில் தேவாலயத்தில் முழங்கால் வலி என்று உட்கார்ந்தே ஜெபித்தவர்கள் எல்லோரும் சாயங்காலம் சக்கரத்தின் மேல் நிற்பார்கள். கோரா லீ ஒரு தட்டைப் போடுவாள். பிடித்தால் சுற்றுவார்கள். பிடிக்காவிட்டால் நாச்சோஸ் வாங்கித் தின்னப் போய்விடுவார்கள். அவ்வளவுதான் விமர்சனம்.

முதல் மூன்று பாட்டுக்கும் நாச்சோஸ் நன்றாக விற்றது. லான்சோ சுவரைப் பார்த்தபடி நின்றான். நாலாவது பாட்டு வந்தது. முடிவெட்டும் ஹோமர் – இவர் சலூனில்தான் நாங்கள் எல்லோரும் தலையைக் கொடுப்பது – அவருக்கு அந்த ‘டக்’ வந்ததும் இடது முழங்கால் தானாக மடிந்தது. பின்னால் வந்தவர் அதைப் பார்த்து மடித்தார். மூன்றாவது சுற்றில் அரங்கம் முழுக்க ஒரே நேரத்தில் ஒரு முழங்கால் இறங்கி ஏறியது. கோரா லீ அந்தப் பாட்டை ஐந்து தடவை போட்டாள்.

லான்சோ என் தோளை அமுக்கினான். கண் கலங்கியிருந்தது. நான் புதுப் பல்லை நாக்கால் தடவிக்கொண்டிருந்தேன். ஆடவே இல்லை. டாக்டர் ரொம்பக் கெட்டிக்காரர்.

செப்டம்பர் 27, வியாழன்

என் வேலை தபால் நிலையத்தில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்து அடுக்குவது; எனக்கு உறை மேல் இருக்கும் கையெழுத்தே போதும், யார் யாரோடு பேசுவதில்லை என்று தெரிந்துவிடும். ஆனால் பிறருக்கு வந்த பத்திரிகையைப் பிரித்துப் படிப்பது குற்றம். படித்தேன். எங்கள் தேவாலயப் பாடகர் குழு ஆசிரியை சந்தா கட்டி வரவழைக்கும் நியூயார்க் இசைப் பத்திரிகை. எங்களுக்கு ஒரு பத்தி.

‘பத்தில் ஒன்பது பாட்டை வேறு யாரோ இதற்கு முன்பே நன்றாகச் செய்துவிட்டார்கள். மிச்சமுள்ள ஒன்றில் ஒரு டக் இருக்கிறது. அந்த டக்குக்காக இந்தத் தட்டை வாங்கலாம்.’

சாப்பாட்டு வேளையில் லான்சோவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன்.

“ஒம்பது பாட்டு நான் எழுதினது.”

“பத்தும் நீ எழுதினதுதான், மச்சான்.”

“டக்கு நான் எழுதல” என்று சொல்லிவிட்டு, பிறகு சிரித்தான். “பரவால்ல. வீட்டுக்குள்ளதான இருக்கு.”

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை? அவன் ஒன்பதை விழுங்கிக்கொண்டது என் ஒன்றை மதித்து. அந்த ஒன்று என் வாய்க்குள் இருந்த பிளாஸ்டிக் என்று எப்படிச் சொல்வது?

அக்டோபர் 6, சனி

ஹோமரின் சலூன். கழுத்தில் துணி கட்டினாலே எனக்கு வாய் நிற்காது, தெரிந்த விஷயம்.

“அந்த டக்கு எப்படிப்பா?” என்றார் ஹோமர்.

நாக்கை மடித்துக் குழாயின் விளிம்பில் அடிப்பது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ராணுவத்தில் இருந்தபோது ஜெர்மனியில் கற்றது என்றேன். யாரிடம் என்று ஒருவர் கேட்டார். ஒரு பால்காரனிடம்.

“பால்காரன் எதுக்குடா வாயில குழாய வெச்சான்?”

“அங்க அப்படித்தான் பால் கறப்பாங்க.”

ஹோமர் கத்தியை எடுத்துவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நம்பவில்லை. ஆனால் இந்த மனிதர், ஊருக்கே முடி வெட்டிக்கொண்டு, தன் தலையில் விக் வைத்திருப்பவர். பல வருடமாக நாங்கள் யாரும் கேட்டதில்லை. அந்த மரியாதையில் அவரும் மேலே கேட்கவில்லை.

அக்டோபர் 13, சனி

லான்சோ தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டான்.

சின்சினாட்டியிலிருந்து ஒரு ரெக்கார்டு கம்பெனி. நவம்பர் 4 அரங்கில் நாங்கள் நேரில் வாசிப்பதைக் கேட்க ஆள் அனுப்புகிறார்களாம். பிடித்திருந்தால் இரண்டாவது ஆல்பம் அவர்கள் செலவில். இதற்காகப் பத்தொன்பது வருடம் பிரேக் கட்டை செய்த இடத்தை விட்டு வந்துவிட்டான், முன்கூட்டியே, சாவகாசமாகப் பாட்டு எழுத வேண்டும் என்று.

எர்லீன் சமையலறையில் கீரையை அலசிக்கொண்டே சொன்னாள்: “அண்ணன் வேலைய விட்டுட்டான். உன் நாக்க நம்பி.”

“ம்.”

“நாக்குதானா?” என்று கேட்டு, என் வாயைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் தோட்டத்துக்குப் போய் இல்லாத களையைப் பிடுங்கினேன்.

அக்டோபர் 24, புதன்

பழைய பல்செட்டை எர்லீன் தூக்கிப் போடவில்லை. குளிர்காலக் காலுறைகளுக்கு நடுவில் இருந்தது. போட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஆடுகிறது. கடவுளுக்கு நன்றி.

நவம்பர் 4, ஞாயிறு

எழுதாமல் தூக்கம் வராது. எழுதினாலும் வராது.

பழைய பல்லோடு போனேன். அரங்கு நிறைந்திருந்தது, இருநூறு பேருக்கு மேல். கம்பெனி ஆள் பளபளக்கும் ஷூவோடு தளத்தின் ஓரத்தில் நின்றார். சக்கர ஷூ வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று கோரா லீ சொன்னதற்கு, தான் வேலையாக வந்திருப்பதாகச் சொன்னாராம்.

‘கொஞ்சம் நகரு’ ஆரம்பித்தோம். லான்சோவின் பேஸ் அப்படி உருண்டது. கூட்டம் சுற்றி வந்தது. முதல் டக் வர வேண்டிய இடம். எல்லோருடைய முழங்காலும் பாதி மடிந்தது.

வரவில்லை.

குழாயைக் கடித்தேன். ஆட்டினேன். தலையையே ஆட்டினேன். பல் ஆடுகிறது, வழவழவென்று ஆடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. இருநூறு பேர் பாதி முழங்காலில், ஒரு டக்குக்காகக் காத்துக்கொண்டு, மணிக்கு இருபது மைல் வேகத்தில். முன்வரிசை பொறுக்காமல் நிமிர்ந்தது. பின்வரிசை நிமிரவில்லை. அதற்கப்புறம் வரிசை என்று எதுவும் இல்லை, எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர். ஹோமர் தன் பங்குக்கு கம்பெனி ஆளின் மேல் போய் விழுந்தார்.

கோரா லீ மைக்கில்: “யாரும் பதறாதீங்க, மெதுவா எந்திரிங்க. மேல கெடக்கறவங்க மொதல்ல. ஹோமரு, உங்க விக்கு இங்க எங்கிட்ட இருக்கு.”

கம்பெனி ஆள் நொண்டிக்கொண்டே காருக்குப் போனார்.

லான்சோ கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குத் தெரிந்த லான்சோ. ஒயரைச் சுருட்டி முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

“வேணும்னே பண்ணியா?”

“என்ன மச்சான் இது?”

“பத்திரிகைக்காரன் உன்ன மட்டும் எழுதினான். உன் பேர மொதல்ல போடணுமா? கேட்டிருந்தா போட்டிருப்பேனேடா.”

போய்விட்டான். நான் பல்லைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, வேனில் உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 5, திங்கள்

போன் எடுக்கவில்லை.

நவம்பர் 6, செவ்வாய்

எடுக்கவில்லை. ஊரெல்லாம் ஓட்டுப் போட வரிசையில் நிற்கிறது. வரிசையில் எனக்கு முன்னால் இருந்த அம்மாளுக்கு மணிக்கட்டில் கட்டு. என்னைப் பார்த்து முறைத்தாள்.

நவம்பர் 14, புதன்

லான்சோ தொழிற்சாலை வாசலுக்குப் போயிருக்கிறான். பத்தொன்பது வருடம் தன்னோடு சாப்பிட்ட மேஸ்திரி, ஆள் எடுக்கும் பட்டியல் நிறைந்துவிட்டது, வசந்த காலத்தில் வந்து பார் என்றானாம். இதைச் சொன்னது எர்லீன். சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

“அவன் டக்கு போச்சேன்னு அழல. நீ அவன வேணும்னே கவுத்திட்டன்னு அழறான். நீ ஒரு பல்ல மறைக்க எங்கண்ணன அழ விட்டுட்ட, வெர்னல்.”

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நிலைமை மோசம். வழக்கமாக நான் ‘ஏய்’.

ஆனால் இப்போது சொன்னால் யாருக்கு நல்லது? வேண்டுமென்றே கவிழ்த்தவன் துரோகி. துரோகிக்குக்கூட ஒரு மரியாதை உண்டு. பல்செட்டுக்கு என்ன மரியாதை? இதைத்தான் பத்து நாளாகத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். என்ன மனிதன் நான் – துரோகி என்றிருப்பது பொக்கை என்றிருப்பதைவிட மேல் என்று கணக்குப் போடுகிறேன்.

நவம்பர் 22, வியாழன், நன்றித் திருநாள்

லான்சோ வந்தான். தங்கை கூப்பிட்டாள், அதனால் வந்தான். மேசையின் அந்தக் கோடியில் உட்கார்ந்து, வான்கோழியைப் பார்த்தானே தவிர என்னைப் பார்க்கவில்லை. பதினோரு பேர். எங்கள் வீட்டு வழக்கம், முதல் கரண்டி எடுப்பதற்கு முன் ஒவ்வொருவரும் தான் எதற்கு நன்றி சொல்கிறோம் என்று சொல்ல வேண்டும். சாப்பாடு ஆறுகிறதே என்று யாரும் நீட்ட மாட்டார்கள். ‘ஆரோக்கியத்துக்கு.’ ‘குடும்பத்துக்கு.’ லான்சோ, “தங்கச்சி சமையலுக்கு” என்றான்.

என் முறை. எழுந்தேன். பையிலிருந்து பழைய பல்செட்டை எடுத்து, சர்க்கரைவள்ளிப் பலகாரம் இருந்த தட்டுக்கும் சோளரொட்டிக்கும் நடுவில் வைத்தேன்.

“நான் இதுக்கு நன்றி சொல்றேன்” என்றேன். “டக்கு இதுதான், மச்சான். நாக்கும் இல்ல, வித்தையும் இல்ல, பால்காரனும் இல்ல. மே மாசம் இது லொடலொடன்னு ஆடிச்சு. இப்ப ஏன் சத்தம் வரலேன்னு எனக்கே தெரியல. நான் வேணும்னு பண்ணல. வெக்கமா இருந்துச்சு, அதான் சொல்லல.”

எர்லீனின் பெரியம்மா மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

லான்சோ கழுத்தை நீட்டிப் பார்த்தான்.

“கழுவினதா?”

“கழுவினதுதான்.”

“அப்ப நீ யோசிச்சுப் போட்டது இல்ல.”

“இல்ல.”

“தானா வந்தது.”

“தானா வந்ததுதான்.”

அவன் உடம்பு குலுங்க ஆரம்பித்தது. முதலில் அழுகிறான் என்று நினைத்தேன். மேசையில் நெற்றியை வைத்துச் சிரித்தான். “அப்ப நானும் நீயும் ஒண்ணுதான்டா. ரெண்டு பேர் மண்டையிலயும் ஒண்ணும் இல்ல. மூணு மாசமா நான் மட்டும்தான் மக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

பிறகு கீரைப் பாத்திரத்தை என் பக்கம் தள்ளினான். “எடு. மெல்ல முடியுமில்ல?”

நவம்பர் 24, சனி

சலூனுக்குள் நுழைந்தேன். ஏழு பேர் ஒரே நேரத்தில் பல்லால் ‘டக்’ என்றார்கள். லான்சோ நேற்றே வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், கை கால் ஆட்டி, என் குரலில். எனக்குப் புதுப்பெயர் ‘பல்லு’. இனி கல்லறையிலும் இதுதான்.

ஹோமர் துணி கட்டும்போது காதோரம் சொன்னார்: “நீ சொல்லிட்ட. உனக்கு இப்ப நிம்மதி.” அவருடைய விக் கொஞ்சம் ஒரு பக்கமாக இருந்தது. இந்தத் தடவை அதைச் சரிசெய்யவில்லை.

டிசம்பர் 9, ஞாயிறு

வாரப் பத்திரிகையில் செய்தி வந்துவிட்டது, படத்தோடு. என் பல் டாக்டர் அதை வெட்டி வரவேற்பறையில் ஒட்டியிருக்கிறார். பழைய பல்செட் செய்தது அவர் இல்லை என்பதைக் குறிப்பாகச் சொல்லச் சொன்னார். கடையில் தட்டு தீர்ந்துவிட்டதாம். ஒன்பது பாட்டைப் பற்றி இப்போதும் யாரும் வாய் திறக்கவில்லை, ஆனால் வாங்கிப் போனவர்கள் வீட்டில் வேறு வழியில்லாமல் கேட்பார்கள் என்கிறான் லான்சோ.

இன்று மறுபடி அரங்கில் வாசித்தோம். லான்சோவின் யோசனை: டக் வரும் இடத்தில் நாங்கள் சும்மா இருப்போம், அவர்களே போடட்டும். கோரா லீ மைக்கில் சொல்லிக்கொடுத்தாள், முழங்காலை மடிக்கும்போது சக்கரத்தால் தரையில் ஒரு தட்டு. முந்நூறு சக்கர ஷூ, ஒரே டக். கட்டிடம் அதிர்ந்தது. மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்த அந்த அம்மாள் முதல் வரிசையில்.

யாரும் விழவில்லை. லான்சோ வாசித்துக்கொண்டே என்னைப் பார்த்து வாயை அகலத் திறந்து பல்லைக் காட்டினான்.

டிசம்பர் 17, திங்கள்

சின்சினாட்டி கம்பெனி போன் செய்தது, பத்திரிகைச் செய்தியைப் படித்தார்களாம். இரண்டாவது ஆல்பம் உண்டு. பெயர் ‘பல்’ என்று வைக்க வேண்டும், உறையில் என் வாய் இருக்க வேண்டும். அந்த ஆள் இன்னும் லேசாக நொண்டுகிறாராம். லான்சோவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன், உறையில் உன் முகம் இல்லையே என்று.

“என் மூஞ்சியப் போட்டா விக்குமா?” என்றான். அவன் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவியதாக எர்லீன் சொன்னாள்.

1985 ஜனவரி 19, சனி

டெல்மரின் ஸ்டுடியோ. டெல்மர்தான் முதல் தட்டையும் பதிவு செய்தவன், தன் வீட்டுக் கார் கொட்டகையில். வெளியே பனி கொட்டுகிறது. காலையிலிருந்து பழைய பல்லோடு நாற்பது தடவை வாசித்தேன். ஒரு டக் கூட விழவில்லை. லான்சோவுக்குக் கோபமே வரவில்லை. “ஈறு குளிர்ல இறுகியிருக்கும், மாப்ளே. சூடா ஏதாவது உள்ள போகட்டும்” என்று சொல்லிவிட்டுப் பொரித்த கோழி வாங்கக் கிளம்பிப் போனான்.

அவன் வருவதற்குள் பழைய சத்தத்தை ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று டெல்மர் மே மாதத்து டேப்பை எடுத்துச் சுழலவிட்டான். ‘கொஞ்சம் நகரு’. டக். டக். என்ன அழகு. என் வாய் என்று எனக்கே நம்ப முடியவில்லை.

“உன் பல்ல மட்டும் தனியா கேப்போம்” என்றான் டெல்மர். ஒவ்வொரு கருவிக்கும் டேப்பில் தனித் தடம்; மற்றவற்றை மூடிவிட்டு என் குழாயை மட்டும் விட்டான். குழாய் பாடியது, சுத்தமாக, வழவழவென்று. நான்கு சுற்றும் கேட்டோம், ஒரு டக் கூட இல்லை.

பிறகு குழாயை மூடிவிட்டு, லான்சோவின் பேஸை மட்டும் திறந்தான்.

டக்.